நேற்று வரை கத்திய லவ் பேர்ட்ஸ் இன்று ஏன் செத்துக் கிடக்கிறது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "நேற்றுப் பின்னேரம் வரைக்கும் கத்திக்கொண்டுதான் இருந்தது, விடியப் பார்த்தால் கூட்டுக்கு அடியில் கிடக்குது." ஏன் என்று கேட்டால் கண்ணூறு, கச்சான் காற்று, நுளம்புப் புகை என்று வரிசையாகக் காரணம் வரும். கடைசி இரண்டும் உண்மையிலேயே பறவையைக் கொல்லக்கூடியவை. ஆனாலும் இப்படிச் சாகும் பறவைகளில் பெரும்பாலானவை ஒரு நாளில் சாகவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமையாக மெலிந்துகொண்டே வந்திருக்கும். இறகு அதை மூடி மறைத்திருக்கும்.

ஏன் மறைகிறது, எதனால் மெலிகிறது, கிழக்கின் வெயிலும் மழையும் இதில் என்ன செய்கின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எந்தக் கிளியைப் பற்றிப் பேச்சு?

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது மூன்று வேறு வேறு பறவைகள். வளர்ப்பு முறையும் வேறு என்பதால் முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

1. பட்ஜி. நம் பக்கத்து வீடுகளில் இருப்பது அநேகமாக இதுதான். நீளம் 18 சென்ரிமீற்றர், நிறை 30 முதல் 40 கிராம். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளிகளுக்குரியது. 1840 இல் ஜோன் கூல்ட் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று கடையில் இருப்பவை எத்தனையோ தலைமுறையாகக் கூட்டில் பிறந்தவற்றின் வாரிசுகள்.
2. ஆபிரிக்க லவ் பேர்ட். கட்டை வால், தடித்த சொண்டு, 45 முதல் 60 கிராம். பட்ஜியோடு ஒரே கூட்டில் விடக்கூடாது. பட்ஜியின் கால்விரலைக் கடித்தே துண்டாக்கிவிடும்.
3. கொக்கட்டீல். தலையில் கொண்டை, நீண்ட வால், 80 முதல் 100 கிராம். இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல.

இக்கட்டுரை பெரும்பாலும் பட்ஜியைப் பற்றியது. மற்ற இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. இலங்கையில் இயற்கையாக வாழும் கிளியினங்கள் ஐந்து. அவற்றில் இரண்டு வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் தடை செய்கிறது. பனைப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சு எடுத்து வளர்ப்பதும் பட்ஜி வளர்ப்பதும் ஒன்றல்ல. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களிலும் பட்ஜி, கொக்கட்டீல் இரண்டும் இல்லை. ஆபிரிக்க லவ் பேர்ட்டில் பீச் நிற முகம் கொண்ட இனம் மட்டும் விலக்கு, மற்ற இனங்கள் பட்டியலில் உள்ளன.

நோயை மறைக்கும் உடல்

காட்டில் கூட்டமாகப் பறக்கும் சின்னப் பறவை சோர்வைக் காட்டினால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் வருத்தக்காரப் பறவையும் ஆள் பார்க்கும்போது நிமிர்ந்து உட்காரும், தீன் கோப்பைக்குப் போய்க் கொத்துவதுபோலக் காட்டும். கூட்டில் பிறந்த பட்ஜிக்கும் இந்தப் பழக்கம் போகவில்லை. இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கூட்டின் தரையில் உட்காருகிற நிலைக்கு அது வந்துவிட்டதென்றால் மறைப்பதற்கும் தெம்பில்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். பலர் நோயின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.

அடுத்தது சேமிப்பு. பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். 35 கிராம் உடலில் அந்தச் சூட்டைத் தக்கவைக்க நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தானியம் போகும். ஒரு முழு நாள் தீன் உள்ளே போகாவிட்டால் ஆபத்து, இரண்டு நாள் போகாவிட்டால் அநேகமாக முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கோப்பை ஆளை ஏமாற்றுகிறது. பட்ஜி தானியத்தை முழுதாக விழுங்குவதில்லை. சொண்டால் உருட்டி, உமியை நீக்கி, அரிசியை மட்டும் தின்னும். உமி அதே கோப்பையில் விழும். காலையில் நிரப்பிய தினைக் கோப்பை மறுநாளும் நிரம்பியே தெரியும். "தீன் கிடக்குதுதானே" என்று விட்டுவிடுவார்கள். மேலே விரல் மொத்தத்துக்கு உமி, கீழே நாலைந்து மணி. பட்ஜிக்கு உமியைக் கிளறி அடியில் தேடத் தெரியாது. வீட்டுக்காரர் இரண்டு நாள் வெளியூர் போன வேளையில் சாகும் பறவைகளில் ஒரு பங்கு நிரம்பிய கோப்பைக்கு முன்னால் பட்டினியில் சாகிறது. தினமும் கோப்பையை வெளியே எடுத்து மெல்ல ஊத வேண்டும். உமி பறந்துவிடும், மணி கீழே நிற்கும். சூடு மிதித்து நெல் தூற்றிய ஊரில் இதை விளக்கவே தேவையில்லை.

*தராசு*

பறவை எவ்வளவு மறைத்தாலும் நிறையை மறைக்க முடியாது. குசினியில் மா நிறுக்கும் ஒரு கிராம் துல்லியமான டிஜிட்டல் தராசு போதும்.

1. கிழமைக்கு ஒரு தடவை, காலையில் தீன் வைப்பதற்கு முன் நிறுக்கவும். தின்ற பிறகு நிறுத்தால் இரைப்பையில் உள்ள தானியமும் சேர்ந்துவிடும்.
2. பழகிய பறவையென்றால் தராசில் ஒரு சிறு தடியைப் பொருத்தி அதில் ஏறவிடலாம். பழகாததைக் காற்றோட்டமான சின்னப் பெட்டியில் விட்டு நிறுத்து, பெட்டியின் நிறையைக் கழிக்கவும்.
3. திகதியோடு ஒரு கொப்பியில் எழுதவும்.
4. 10 சதவீதம் குறைந்தால் அது அவசரம். 35 கிராம் பறவைக்கு அது மூன்றரைக் கிராம்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

தராசு இல்லாவிட்டால் நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்க்கலாம். நெஞ்சின் நடுவில் நீளவாக்கில் ஓடும் எலும்பின் இரு பக்கமும் தசை திரண்டிருந்தால் சரி. எலும்பு கத்தி விளிம்பு போலக் கையில் வெட்டினால் மெலிந்துவிட்டது. பிடிக்கும்போது கழுத்தின் இரு பக்கமும் விரலை வைத்துத் தலையை நிறுத்தி, நெஞ்சை அமுக்காமல் பிடிக்கவும். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்தே மூச்சுத் திணறி இறந்தவையும் உண்டு.

நன்றாகத் தின்றுகொண்டே மெலிகிற பறவை தனி ரகம். எச்சத்தில் முழுத் தானியம் அப்படியே வந்தால் மெகாபக்டீரியா என்று அழைக்கப்படும் வயிற்று நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெயர் பக்டீரியா என்றாலும் அது ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் அதைத் தொடுவதே இல்லை.

இரண்டு வகை வெக்கை

"அவுஸ்திரேலியப் பாலைவனத்துப் பறவை, நம்முடைய வெயில் அதுக்கு எம்மாத்திரம்" என்பது கடைக்காரர் வாதம். பாதி சரி. காட்டில் அது நிழல் தேடிப் போகும், தண்ணீர் தேடிப் பல மைல் பறக்கும். கூட்டில் இரண்டுமே நம் கையில்.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு கூடினால் சொண்டைத் திறந்து வேகமாக மூச்சு விட்டு, தொண்டையின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. ஈரம் ஆவியாக வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும், ஆவியாக்க உடலில் தண்ணீரும் இருக்க வேண்டும். கிழக்குக் கரையில் இந்த இரண்டும் வெவ்வேறு காலத்தில் கைவிடுகின்றன.

கச்சான் காலம், மே முதல் ஓகஸ்ட் வரை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது உலர்ந்து சூடாகிறது. கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடல்காற்றும் பிந்தும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் உக்கிரம் இன்னும் அதிகம். காற்று உலர்ந்திருப்பதால் பறவையால் குளிரமுடியும், ஆனால் தண்ணீர் வேகமாகத் தீரும். சின்னத் தொப்பிக் கோப்பையில் வைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் வற்றும், அல்லது தூசியும் எச்சமும் விழுந்து குடிக்க முடியாததாகும். இந்தக் காலத்தில் இரண்டு கோப்பை, ஒரு நாளில் மூன்று தரம் மாற்றம், அகலமான தட்டில் விரல் நுனி ஆழத்துக்குக் குளிக்கத் தண்ணீர். கூட்டின் காற்று வரும் பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்யும்.

காற்றடங்கிய காலம், ஏப்ரல் மாதமும் மழைக்கு முந்திய ஒக்ரோபர் புழுக்கமும். வாவியும் கடலும் இரு பக்கமும் கிடக்கும் எழுவான்கரையில் காற்றே ஈரத்தில் கனத்து நிற்கும். வெப்பமானி கச்சானை விடக் குறைவாகக் காட்டினாலும் பறவைக்கு இது மோசமான வேளை. எவ்வளவு மூச்சுவிட்டாலும் ஈரம் ஆவியாகாது. இப்போது ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் கெடுதலே கூடும். வேண்டியது காற்றோட்டம். மின்விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி, திரும்பிவரும் காற்று கூட்டில் படும்படி வைக்கவும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பதால் பின்பக்கச் சந்தில் கூடு வைப்பார்கள். மதில்கள் சூட்டைப் பிடித்துக்கொண்டு இரவு வரை வெளியே விடும் இடம் அது. முன்விறாந்தை எவ்வளவோ மேல்.

இரண்டு காலத்துக்கும் பொதுவான எதிரி கூரை. தகரத்துக்கோ அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கோ நேர் கீழே தொங்கும் கூட்டுக்கு நிழல் இருக்கும், ஆனால் சூடு மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தகரத்தின் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு போட்டு, கூட்டைக் கூரையிலிருந்து ஒரு மீற்றராவது கீழே இறக்குங்கள்.

சூடு பிடித்த பறவை சொண்டைத் திறந்து, செட்டையை உடலிலிருந்து விலக்கி, வால் மேலும் கீழும் ஆட மூச்சுவிடும். அப்போது:

1. உடனே நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோகவும்.
2. சாதாரணத் தண்ணீரைத் தெளிப்பானால் பனிபோலத் தெளித்து, கால்களை நனைக்கவும். கால்தோலில் இறகு இல்லாததால் சூடு அங்கே வேகமாக இறங்கும்.
3. ஐஸ் தண்ணீர் கூடாது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே நிற்கும்.
4. தானாகக் குடிக்கும்வரை தண்ணீரைச் சொண்டில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும்.

மாரியில் தானியம்

நவம்பர் முதல் ஜனவரி வரையான மழையில் பறவை குளிரால் சாவது குறைவு. தானியத்தால் சாவதுதான் கூட. கடையில் திறந்த சாக்கில் கிடக்கும் தினை ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் விடும் அஃப்லாரொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் உதிரும், மணமும் போகும், நஞ்சு போகாது. வறுத்தாலும் போகாது. புழுங்கிய மணம் வந்த தானியத்தைக் கோழிக்கும் போடாதீர்கள்.

வாங்கும் இடத்தை நம்புவதை விட முளைக்கவைத்துப் பார்ப்பது நிச்சயமான வழி. ஒரு தேக்கரண்டி தானியத்தை ஈரத் துணியில் மடித்து வைத்தால் மூன்று நாளுக்குள் பெரும்பங்கு முளைவிட வேண்டும். பாதிகூட முளைக்காவிட்டால் அது பழைய சரக்கு. மாரியில் இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடும் தகரப்பேணியில் வைக்கவும். வண்டும் அந்தும் தெரிந்தால் அருவருப்புத்தான், ஆனால் அவை பூஞ்சணத்தைப்போல ஆபத்தில்லை.

தினை மட்டும் போதுமா?

போதாது. ஆனால் உடனே தெரியாது, அதுதான் சிக்கல். தினை மட்டும் தின்னும் பட்ஜி ஓரிரண்டு வருடம் பளபளவென்று இருக்கும். இயல்பாக ஐந்து முதல் பத்து வருடம் வாழவேண்டிய பறவை மூன்றாம் வருடத்தில் போய்விடும். குறைவது இவைதான்:

1. விற்றமின் ஏ. தானியத்தில் மிகக் குறைவு. இது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் ஈரமான உள்தோல் தடித்து வறளும், கிருமி இலகுவாக நுழையும். அடிக்கடி மூக்கடைக்கும் பறவைக்கு அநேகமாக இதுதான் அடிப்படை.
2. கல்சியம். முட்டையிடும் பேட்டுக்கு உயிர்ப் பிரச்சினை.
3. அயடீன். குறைந்தால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை அமுக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கிறீச் என்று சத்தம் வரும். தடிமன் என்று நினைத்துத் தடிமன் மருந்து கொடுப்பார்கள், பயனிருக்காது.

இவற்றில் முதலிரண்டுக்கும் கடையில் விலைகூடிய சொட்டுமருந்து தேட வேண்டியதில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, துருவிய கரட், அவித்த பூசணி, அவித்த வற்றாளைக் கிழங்கு எல்லாம் ஆகும். சந்தைக் கீரையில் பூச்சிநாசினி இருக்கக்கூடும். அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு மூன்று தரம் அலசவும். வளவு முருங்கை என்றால் அந்தக் கவலை இல்லை.

கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரத்தில் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது வேடிக்கைதான். கரையில் ஒதுங்கியதை எடுத்து, மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பை இறக்கி, வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் பறவையை நோக்கி இருக்கக் கட்டினால் சரி.

மணலும் சிறுகல்லும் வேண்டாம். கோழியும் புறாவும் தானியத்தை முழுதாக விழுங்குவதால் அரைக்கக் கல் வேண்டும். உமி நீக்கித் தின்னும் கிளிக்கு அது தேவையில்லை, வருத்தமான நேரத்தில் அளவுக்கு மீறி விழுங்கிக் குடல் அடைபடுவதும் உண்டு.

கீரையைத் தொடவே மாட்டேன் என்கிற பறவையைப் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இரவில் தானியக் கோப்பையை எடுத்துவிட்டு, விடிந்ததும் ஈரமான கீரைக் கொத்தை உட்காரும் தடிக்குப் பக்கத்தில் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வழக்கமான தானியத்தை வையுங்கள். முதலில் ஈரத்தில் உடலைத் தேய்க்கும், பிறகு கிழிக்கும், பிறகு தின்னும். சில பறவைக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு இரண்டு மாதம்.

அவகாடோ, சொக்கலேற், கோப்பி, வெங்காயம் நான்கும் நஞ்சு. அவகாடோவில் சின்னத் துண்டுகூடக் கொல்லும்.

மூச்சில் போகும் நஞ்சு

பறவையின் நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் புதுக்காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடக்கும். காற்றிலிருந்து ஒட்சிசனை எடுக்கும் திறன் நம்மை விட மிக அதிகம், புகையை எடுக்கும் திறனும் அப்படியே.

மிக வேகமான கொலையாளி ஒட்டாத பூச்சுள்ள சட்டி. காஸ் அடுப்பில் வெறுஞ்சட்டி மறந்துபோய்க் காய்ந்து 260 பாகையைத் தாண்டினால் பூச்சு விடும் ஆவி நமக்கு மணக்கக்கூட மாட்டாது, குசினிக்குப் பக்கத்திலிருக்கும் பறவை சில நிமிடத்தில் விழும். இதுதான் மெய்யான திடீர்ச் சாவு. நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் மெல்ல வேலை செய்பவை. சுருளுக்குப் பதிலாகக் கூட்டின் மேல் நுளம்பு வலை போடலாம்.

டெங்குக் காலத்தில் ஒழுங்கைக்குள் புகையடிக்க வருவதாக அறிவித்தால் கூட்டைத் துணியால் மூடுவது போதாது. புகையடிக்காத வேறு வீட்டுக்குக் கொண்டுபோய், மணம் முற்றாகப் போனபின் கொண்டுவரவும். வீட்டிலிருந்த தீனையும் தண்ணீரையும் கொட்டிவிடவும்.

கூடும் முட்டியும்

ஒரு சோடிக்கு 75 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் குறைந்த அளவு. பட்ஜி நீளவாக்கில் பறப்பது, உயரமான கோபுரக் கூடு அழகுக்குத்தான். கம்பி இடைவெளி 12 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் பாம்பும் எலியும் நுழையும்.

புதிய கல்வனைஸ் வலையில் அடித்த கூடென்றால் சொண்டால் சுரண்டும் நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்) உள்ளே போய் நஞ்சாகும். வினாகிரி தோய்த்த தூரிகையால் முழுதும் தேய்த்து, கழுவி, சில நாள் வெயிலில் விட்ட பிறகே பறவையை விடவும். உட்காரும் தடி கடைச் சரக்கான ஒரே தடிப்புள்ள உருளையாக இருந்தால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கொய்யா, வேம்புக் கொப்புகளை வெவ்வேறு தடிப்பில் வையுங்கள். அலரிக் கொப்பு வேண்டவே வேண்டாம், மரம் முழுக்க நஞ்சு.

சொண்டுக்கு மேலுள்ள மூக்குத்தோல் நீலமாக இருந்தால் சேவல், வெளிறிய நிறமாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் பேடு. வெள்ளை, மஞ்சள் ரகங்களில் இந்த விதி பிசகும். பேட்டுக்குப் பத்து மாதமாவது ஆகுமுன் முட்டையிட முட்டி (சிறு பானை) கட்டாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை இடும், 18 நாளில் பொரிக்கும், ஐந்து கிழமைக்குள் குஞ்சு வெளியே வரும்.

மண் முட்டி நம் வெக்கைக்கு நல்லது, மரப்பெட்டியைப்போலப் புழுங்காது. அதன் குறை சுட்ட மண்ணின் வழுவழுப்பான அடி. குஞ்சின் கால் ஊன்ற இடமில்லாமல் இரு பக்கமும் சறுக்கி, அப்படியே எலும்பு முற்றி, வாழ்நாள் முழுக்க நீந்துவதுபோல இழுபடும். அடியில் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு மரத்தூள் போட்டால் இது வராது. சாயம் பூசிய மரத்தின் தூள் கூடாது.

வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். அதற்குப் பிறகும் முட்டி தொங்கினால் பேடு இட்டுக்கொண்டே இருக்கும், எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும், கடைசியில் முட்டை உள்ளேயே சிக்கும். கூட்டின் தரையில் கால் அகட்டி உட்கார்ந்து, வாலை ஆட்டி முக்கும் பேடு அவசர நோயாளி. 30 பாகைச் சூடும் ஈரக் காற்றும் உள்ள பெட்டியில் வைத்துக்கொண்டு வைத்தியரைத் தேடவும். எண்ணெய் தடவி அமுக்கி எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளே உடையும்.

வருத்தம் வந்தால்

முதல் மருந்து சூடு. தன் உடல் வெப்பத்தைத் தக்கவைக்கவே முடியாமல் போராடும் பறவைக்கு 28 முதல் 30 பாகை கொடுத்தால் மிச்சத் தெம்பு நோயோடு போராடப் போகும். மட்டக்களப்புப் பகலில் அது தானாகவே கிடைக்கும். மாரி இரவில் காட்போட் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு வெளியே 40 வோற் இழை மின்குமிழ் வைத்து, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விடவும். சூடு போதாவிட்டால் கிட்ட வரும், கூடினால் விலகும். தீனும் தண்ணீரும் தரையிலேயே இருக்கட்டும்.

விவசாய மருந்துக் கடையில் விற்கும் கோழி மருந்துத் தூளைத் தண்ணீரில் கலப்பதுதான் நம் ஊரில் பலரும் செய்வது. அது ஏன் பலிப்பதில்லை என்றால், பட்ஜி ஒரு நாளில் குடிப்பது ஒரு தேக்கரண்டி தண்ணீர்கூட இல்லை. கசப்பென்றால் அதையும் குடிக்காது. வருத்தக்காரப் பறவை இன்னும் குறைவாகவே குடிக்கும். கோழிக்கு எழுதிய அளவு இதற்குள் போவதே இல்லை, கிருமி மருந்துக்குப் பழகுவதுதான் மிச்சம்.

பிரதேசங்களிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பார்ப்பவை. பறவையோடு நிறைக் கொப்பி, வெள்ளைத் தாளில் எடுத்த அன்றைய எச்சம், தின்னும் தானியத்தில் ஒரு பிடி ஆகியவற்றைக் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும். நல்ல எச்சம் கரும்பச்சைச் சுருளும் வெள்ளைப் பகுதியுமாக இருக்கும். அந்த வெள்ளை மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். சிக்கலான நோய்க்கு நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. செங்கலடியில் முடியும் ஏ5 வீதியின் மறுமுனை அது. 35 கிராம் பறவைக்கு அந்தப் பயணமே ஒரு நோய்.

புதிதாக வாங்கியதைப் பழையவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். 30 நாள் வேறு அறை, வேறு கோப்பை, பழையவற்றுக்குத் தீன் வைத்த பிறகே இதற்கு.

மனிதருக்குத் தொற்றுமா?

2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் ஒஸ்ரியா, டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளில் கிளிக் காய்ச்சல் வழக்கத்தை விடக் கூடியதாகவும் ஐந்து பேர் இறந்ததாகவும் 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காரணம் கிளமிடியா சிட்டாசி என்ற பக்டீரியா. கிளியினங்கள் முக்கிய காவிகள் என்றாலும் காட்டுப் பறவைகளும் காவுகின்றன. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. பறவை வெளிக்கு நலமாக இருந்துகொண்டே கிருமியை எச்சத்தில் விடலாம். காய்ந்த எச்சம் தூளாகி மூச்சில் போவதுதான் வழி. ஆகவே கூட்டைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைக்கவும், முகக்கவசம் போடவும், கர்ப்பிணிகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

தொற்றினால் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடுந்தலையிடி, வறட்டு இருமல் வரும். மாரிக் காலத்தில் இப்படி ஒருவர் வந்தால் வைத்தியர் முதலில் டெங்கையும் எலிக்காய்ச்சலையும்தான் நினைப்பார், அது நியாயம். "வீட்டில் கிளி இருக்கிறது, போன கிழமை ஒன்று செத்தது" என்று நீங்கள் சொன்னால்தான் இது அவர் நினைவுக்கு வரும். அதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் சாதாரண நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் இந்தக் கிருமிக்குச் சரிவராது. டொக்சிசைக்கிளின் நன்றாக வேலை செய்யும்.

பறவைக்கும் அதே மருந்துதான். அளவை வைத்தியர் நிறை பார்த்துத் தருவார், 45 நாள் வரை போகும். அந்த நாள்களில் கூட்டிலிருந்து கணவாய் ஓட்டைக் கழற்றிவிட வேண்டும். கல்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. சிகிச்சையின் நடுவில் பறவை தெளிந்து கத்தத் தொடங்கியதும் மருந்தை நிறுத்துபவர்கள் பலர். கிருமி அப்போதும் உள்ளே இருக்கும். 45 நாளும் முடிந்து, கூட்டைக் கழுவிக் காயவிட்ட பிறகு ஓட்டைத் திரும்பக் கட்டலாம்.